விழுந்த தென்னைகள் எழுந்து நின்ற விதம்

மரம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் பொன்னையாதான். வேறு யாரும் இல்லை.

கிணறு வெட்டி, காடு வெட்டி, லொறிக்கு மூட்டை ஏற்றி முதுகு போன மனிதர். நாற்பத்திநாலு வயதில், இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது, பின்னேர வகுப்பில் எழுத்துப் படித்தார். இப்போது கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி வைக்கிற வேலை. யானை சேதம் செய்த இடங்களின் படங்களைச் சேர்த்து, எந்தெந்தத் தெரு ஒழுங்கைகளை உள்ளே விட்டு மின்வேலி போடுவது என்று பட்டியல் கொடுக்கிற கந்தோர் அது.

சனம் கைபேசியில் எடுத்து அனுப்பும் படங்களில் பாதி சரிந்தோ தலைகீழாகவோ வரும். சும்மா இருக்கிற நேரத்தில் நேராக்கட்டும் என்று பொன்னையாவைக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தினார்கள். பதினொரு மாதம் திருப்பினார். மிதிபட்ட வயல், உடைந்த குசினி, செத்த மாடு. முதல் கிழமை ஒவ்வொன்றையும் பார்த்தார். பிறகு மேல் எது, கீழ் எது என்பதை மட்டும் பார்த்தார்.

அதன்பிறகு யதுர்ஷிகா படம் திருப்ப ஒரு கருவி செய்தாள். கந்தோரின் கொம்பியூட்டர் வேலை முழுக்க அந்தப் பிள்ளையின் பொறுப்பு. இனி அந்தக் கருவியைச் செயற்கை அறிவு ஏஜென்டுகளே எடுத்துப் பாவிக்கும், படத்தை நேராக்கிவிட்டுச் சேதம் உண்டா இல்லையா என்றும் எழுதும் என்றாள். அவை வாசிக்க ஒரு வழிகாட்டி வேண்டும். எத்தனை பாகை திருப்புவது, எந்தக் கட்டளை கொடுப்பது என்பதை அவள் எழுதுவாள். மேல் எது என்று கண்டுபிடிப்பதைப் பொன்னையா எழுத வேண்டும்.

"நான் கண்ட ஏஜென்டுமார் ஆக்களைக் கனடாவுக்கு அனுப்பிறவங்கள், பிள்ளை."

"இதுகள் ஒருத்தரையும் அனுப்பாது, அண்ணை. நீங்கள் எழுதினதை அப்பிடியே நம்பும், அவ்வளவுதான்."

மூன்று நாள் எடுத்தது. ஆள் இருந்தால் தலை உள்ள பக்கம் மேல். வானம் தெரிந்தால் வானம் மேல். இரண்டும் இல்லாவிட்டால் மரத்தைப் பார், மரம் நிமிர்ந்து நிற்க வேண்டும். வாழ்நாள் முழுக்க மரம் தறித்த மனிதருக்கு அதைவிட உறுதியான குறி வேறு தெரியவில்லை. யதுர்ஷிகா ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்றிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, ஒட்டுசுட்டானிலிருந்து அமராவதி என்ற அம்மா பஸ் ஏறி வந்தா. அவவின் ஒழுங்கையில் சேதம் இல்லையாம், வேலி அவவின் வீட்டு வளவுக்கு இந்தப் பக்கத்தாலேயே போகுமாம் என்று கடிதம் வந்திருந்தது. அப்படிப் போனால் வீடு யானையின் பக்கத்தில் நிற்கும். திங்கட்கிழமை அவவின் பக்கம் கம்பம் நடத் தொடங்குகிறார்கள்.

பொறுப்பாளர் பிரதாபன் கொம்பியூட்டரில் படங்களை எடுத்துக் காட்டினார். பதினாலு தென்னைகள், ஒவ்வொன்றும் நேராக நின்றது. கீழே 'மரங்கள் நிற்கின்றன, சேதம் இல்லை' என்று எழுதியிருந்தது.

"இது ஆரின்ரை மரம்?"

"உங்கடைதான் அம்மா. நீங்கள் அனுப்பினதுதானே?"

"என்ரை மரம் ஒண்டும் நிக்கேல்லை, தம்பி. யானை விழுத்தினதை அறுத்து மரக்குத்தியும் வித்துப் போட்டன். இதென்ன, பெட்டிக்குள்ளை நட்டு வளர்த்தனீங்களோ?"

பிரதாபன் சிரிக்கவில்லை. இயந்திரம் ஆயிரக்கணக்கில் பார்க்கிறது, இல்லாததைச் சொல்லாது, மனிசர்தான் மாறி அனுப்புவார்கள் என்று மரியாதையாகச் சொன்னார்.

தேத்தண்ணித் தட்டோடு நின்ற பொன்னையா படத்தைப் பார்த்தார். குலையும் ஓலையும் ஒரே பக்கமாக, இடது பக்கத்தைப் பார்த்துத் தொங்கின. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. பேசாமல் தட்டை வைத்துவிட்டுப் போகலாம். யாரும் கேட்கப்போவதில்லை. அந்த அம்மாவும் பஸ்சுக்குப் போய்விடுவா. அப்படியும் நினைத்தார், இப்படியும் நினைத்தார். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

தட்டை வைத்தார்.

"சேர், இது விழுந்த மரம். மரம் நிக்க வேணும் எண்டு எழுதினது நான். அதை நம்பி இயந்திரம் நிமித்திப் போட்டுது."

பிரதாபன் திரும்பிப் பார்த்தார். "எந்த நிக்கிற மரத்தையும் சரிச்சு வைச்சிட்டு விழுந்தது எண்டு சொல்லலாம், பொன்னையா அண்ணை. படத்திலை வேரும் இல்லை, வானமும் இல்லை. என்னெண்டு நம்பிறது?"

"குலையைப் பாருங்கோ. நிக்கிற தென்னையிலை குலை சுத்திவர இருந்து கீழை தொங்கும். இதிலை எல்லாம் ஒரு பக்கம் பாக்குது. மண் அந்தப் பக்கம்தான்."

பக்கத்து மேசையில் இருந்த யதுர்ஷிகா எழும்பி வந்து முதல் படத்தைத் திருப்பினாள். தென்னை படுத்தது. ஓலைகள் மண்ணில் விழுந்தன. அமராவதி அதைப் பார்த்துக்கொண்டே நின்றா. "ஓம், இதுதான்," என்றா.

பின்னேரம் வரை தேடியதில் அறுபத்துமூன்று படங்கள் அப்படி இருந்தன. பதினொரு வீடுகளுடையவை. பிழை எப்படி நடந்தது என்று பிரதாபன் கடிதம் அடித்து, பொன்னையாவிடம் கையொப்பம் வாங்கினார். நாளையிலிருந்து படங்களைத் தொட வேண்டாம், தேத்தண்ணியை மட்டும் பாருங்கோ என்றார். பொன்னையா தலையாட்டினார். அந்த விதியை யதுர்ஷிகாவே வெட்டிவிட்டு, தெரியாவிட்டால் திருப்பாதே, ஆளைக் கேள் என்று எழுதினாள்.

வேலி மாறியது. அமராவதியின் ஒழுங்கை உள்ளே வந்தது. ஆனால் அதற்கு முன்னமே மல்லாவிப் பக்கம் கம்பம் நட்டு முடித்திருந்தார்கள். அந்தப் பதினொன்றில் இரண்டு வீடுகள் அங்கே வேலிக்கு வெளியே நின்றுவிட்டன. இனி அடுத்த வருசம்தான் பார்க்கலாமாம்.

அந்த இரண்டு வீட்டுக்காரரின் பெயர்களும் பிரதாபனின் மேசையில் கிடந்த தாளில் இருந்தன. மேசை துடைக்கும்போது பொன்னையா தாளைத் தூக்கி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். எழுத்துக் கூட்டி வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை.