களத்தில் கால் வைத்தவள்

எங்கேயோ கடலுக்கு அப்பால் வெள்ளைக்காரன் யாரோடோ மல்லுக்கட்டினான். வயிறு காய்ந்தது மட்டக்களப்பு வாவிக்கரையில். நிலத்துக்கு வரி, தண்ணீருக்கு வரி என்று இருந்தது போதாமல், விளைந்த நெல்லையும் அவன் சொன்ன விலைக்கு அளந்து கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. கேட்க நாதியில்லை. கேட்ட ஒருவன் நல்லரத்தினம். "விதைநெல்லத் தரமாட்டன்" என்றான். அவனைப் புளியந்தீவுக்குக் கொண்டுபோய் மறியலில் அடைத்தார்கள்.

அவன் பெண்சாதி சீதேவிப்பிள்ளை வரம்பில் குந்தியிருந்தாள். மூன்று நாளாக மலேரியாக் காய்ச்சல். வட்டை வயல் முழுவதும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் அசைந்தது. தூரத்து வாவி மெல்ல மெல்ல வயலுக்குள் நடந்து வந்தது. பிறகு என்ன நினைத்ததோ, திரும்பிப் போனது. கதிர் போட்டுச் சூடடித்த களத்தில் அவர்களுடைய நெற்குவியல் காய்ந்து கிடந்தது. அடுத்த போகத்து விதையும் மூன்று பிள்ளைகளின் சோறும் அதற்குள்தான்.

களத்துக்குள் பெண் கால் வைக்கக்கூடாது. வைத்தால் பூதம் நெல்லை வாரிக்கொண்டு போய்விடும். மிச்சத்தைத் தொட்டவன் குடும்பமும் விளங்காது. சீதேவிப்பிள்ளை அதை உயிராக நம்பினாள். பதினாறு வருஷமாக வரம்போடு நின்றவள்.

நடுப்பகலில் ஊர்த்தலைமைக்காரரான விதானை கனகசூரியம் வந்தார். அவளுக்குத் தாய்மாமன் முறை. பின்னால் நான்கு வண்டில், சாக்கோடு எட்டுக் கூலியாட்கள்.

"பிள்ள, என்னில கோவிக்காத. துரைட ஓடர்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"விதைக்கு மட்டும் விட்டிட்டுப் போங்க மாமா."

"ஒரு மணியும் விடப்படாதாம்."

ஆட்கள் களத்தைக் கும்பிட்டுவிட்டுச் சாக்கை விரித்தார்கள்.

அவளுக்குக் கோபம் வந்தது. காய்ச்சலைவிடச் சூடான கோபம். எழுந்தாள். களத்து ஓரத்தில் ஒரு கணம் நின்றாள். பிள்ளைகளை நினைத்து நெஞ்சு எரிந்தது. பிறகு உள்ளே இறங்கிப் போய்க் குவியலின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

எட்டுப் பேரும் சாக்கைப் போட்டுவிட்டு வரம்பில் ஏறினார்கள். "இனி இந்த நெல்ல நாங்க தொடமாட்டம் விதானையார்" என்றான் அவர்களில் மூத்தவனான கோணாமலை.

கனகசூரியமும் களத்து ஓரத்திலிருந்து பின்வாங்கினார். அவரும் அந்த மண்ணில் பிறந்தவர்தானே. "என்னடி செஞ்சிட்டாய்! இனி நீயும் இதத் தின்ன ஏலாதே! பூதமெல்லோ கொண்டுபோகப்போகுது!"

"கொண்டு போகட்டும் மாமா" என்றாள் சீதேவிப்பிள்ளை. "அது எங்கட ஊர்ப் பூதம்."

பக்கத்துக் களத்துக்காரி புஸ்பம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தன் களத்துக்குள் இறங்கினாள். அவளுக்கு அப்பால் இன்னும் ஏழு களங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் வரம்பிலும் ஒருத்தி எழுந்து நின்றாள்.