கண்ணை மூடிக்கொண்டு ஒரு சண்டை

என் நாத்தனார் என்னிடம் காட்டமாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். நேரில் சொன்னால் சுடச்சுடப் பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். ஜெபத்துக்கு நடுவில் யார் பதில் சொல்ல முடியும்?

அன்றைக்கு ஆராதனை முடிந்த கையோடு வந்து நின்றார். சாப்பாட்டு மேஜையில் பிள்ளைகளின் புத்தகங்கள் பரவிக் கிடந்தன. நடுவில் ஒரு பழைய கப்பி. லிஃப்ட் மெக்கானிக்கான என் கணவர் கொண்டுவந்தது. அதில் கயிறு போட்டுத் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கி இறக்கித்தான் பிள்ளைகள் விசையைப் படித்தார்கள். நாத்தனார் அதை இரண்டு விரலால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"இதுதான் ஸ்கூலா?"

"ஆமா அண்ணி. மணி மட்டும் அடிக்கிறதில்ல."

சபை நடத்தும் பள்ளிக்கு அவர் கணவர்தான் தலைமையாசிரியர். என் பெண்ணும் சின்னவனும் அங்கேதான் படித்தார்கள். அவளுக்குத் திக்கும். பேச்சு வரும், கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். ஒரு நாள் காலைக் கூட்டத்தில் அவளை மேடையில் ஏற்றி, வசனத்தைத் திக்காமல் சொல்லும்வரை இறங்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடமே சிரித்திருக்கிறது. கேட்கப் போனேன். கூச்சம் போவதற்காகத்தான் செய்தோம் என்றார்கள். வேத வசனத்தைத் தூக்கிப் பிரம்பாக்கிவிட்டு எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள்! அவளோ, அன்றிலிருந்து வீட்டில்கூட வாய்விட்டு ஜெபம் பண்ணுவதை நிறுத்திவிட்டாள். மறுநாள் இரண்டு பிள்ளைகளையும் நான் அனுப்பவில்லை. அப்புறம் அனுப்பவே இல்லை.

கணவர் என் பக்கம்தான், அவர் அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்வரை. தாய் இல்லாத தம்பியை எடுத்து வளர்த்தவர் அக்கா. அவரைக் கண்டால் மனுஷன் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுவார். "சரிக்கா, அனுப்பிடறோம்" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்தால் போதும், என் பெண் மறுபடி அந்த மேடைக்குத்தான் போவாள். அந்த பயம்தான் எனக்கு.

"ஜெபம் பண்ணலாமா?" என்றார் நாத்தனார். கணவர், பிள்ளைகள், நான் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கண்ணை மூடினோம்.

"அன்பான ஆண்டவரே, இந்தக் குடும்பத்த உம்ம கரத்துல தர்றோம். பிள்ளைங்க எதிர்காலத்தப் பாழாக்கச் சொல்லி இந்தத் தாய்க்கு யார் புத்தி சொன்னாங்கன்னு தெரியல அப்பா. ஒன்பதாவதுல இவங்க கணக்குல வாங்கின மார்க்கும் உமக்குத் தெரியும். பெருமைங்கிற ஆவிய இந்த வீட்ட விட்டுத் துரத்தும். திங்கட்கிழமை பிள்ளைங்கள ஸ்கூல் வாசல்ல பார்க்கிற கிருபையத் தாரும்."

"ஸ்தோத்திரம்" என்று என் கணவர் முனகினார். எதற்கு ஸ்தோத்திரம்? என் கணக்கு மார்க்குக்கா?

நாத்தனார் ஆமென் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஆண்டவரே, ஒன்பதாவது கணக்குல நான் ஃபெயில். அத நான் மறைக்கல. இப்போ பிள்ளைங்களோட உட்கார்ந்து நானும் படிக்கிறேன். பின்னம் எனக்குப் போன வாரந்தான் புரிஞ்சது, அதுக்கு நன்றி. உம்ம வசனத்த வச்சே ஒரு குழந்தைய அழ வச்சாங்க, அதுக்கு எந்த ஆவிய துரத்தறதுன்னு நீரே சொல்லும். என் பிள்ளைங்க அங்க போகாது. அண்ணிகிட்ட சொன்னா கேட்க மாட்டாங்க, அதான் உம்மகிட்ட சொல்றேன். அவங்களும் பக்கத்துலதான் இருக்காங்க."

சின்னவன் களுக்கென்று சிரித்தான். நாத்தனார் அடுத்த சுற்றுக்கு மூச்சை இழுப்பது கேட்டது. இவர் எங்கே தொடங்குவார், எங்கே வெட்டலாம் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"அ... அ..."

என் பெண்ணின் குரல். நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அவள் கையைக் கூப்பி, இமைகளை இறுக்கி, தாடை நடுங்க உட்கார்ந்திருந்தாள்.

"அன்பான ஆண்டவரே" என்று நாத்தனார் கண் மூடியபடியே எடுத்துக் கொடுத்தார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. யாராவது தடுமாறினால் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது.

"இ... இல்ல" என்றாள் என் பெண். "அ... அத்..."

அத்தை. ஆண்டவரிடம் அவள் அத்தையைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. வார்த்தை என் நாக்கு நுனியிலும் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நாத்தனார் மறுபடி வாயைத் திறந்தார்.

என் கணவர் கண்ணைத் திறக்கவில்லை. மேஜைமேல் கையால் துழாவி, அக்காவின் கையைக் கண்டுபிடித்து, இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அவ சொல்லட்டும்க்கா."

நாத்தனாரின் வாய் திறந்தபடியே இருந்தது. யாரும் ஆமென் சொல்லவில்லை. என் பெண்ணுக்கு ஒரு அவசரமும் இல்லை. நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, விட்ட எழுத்திலிருந்தே மறுபடி ஆரம்பித்தாள்.