காத்தமுத்து முதலாளியின் பல்கனி

காத்தமுத்து முதலாளியின் பெயரைக் கேட்டாலே மெட்டில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெரணியகலை கடைத்தெருவில் அவருடைய பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில்தான் அவள் குடியிருந்தாள். குடிவந்த நாளிலிருந்தே பல்கனியின் மரக் கிராதி ஆடிக்கொண்டிருந்தது. சொன்னபோதெல்லாம் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். மழை விடட்டும். திருவிழா முடியட்டும். தச்சு வேலை செய்கிற பாஸ் ரம்புக்கனைக்குப் போயிருக்கிறான், வரட்டும். மழையும் விட்டது, திருவிழாவும் முடிந்தது, பாஸும் வந்து ஊரெல்லாம் வேலை செய்துவிட்டுப் போனான். பொங்கல் கழிந்து ஒரு நாள், அவளுடைய மகன் பவுல் பஸ் பார்க்கக் கிராதியில் சாய, அது முறிந்தது. ஐந்து வயதுப் பிள்ளை தெருவில் விழுந்து, தொடை எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

அதற்கு முதலாளி செய்த வைத்தியம் என்ன தெரியுமா? உடைந்த இடத்தில் ஒரு பலகையை அறைந்தார். மிச்சக் கிராதியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். பிள்ளைக்குக் கண்ணூறாம்!

"கண்ணூறு கழிச்சா உளுத்த மரம் இரும்பாயிருமா முதலாளி?" என்று கேட்டுப் பார்த்தாள். அவர் பருப்பு நிறுக்கப் போய்விட்டார்.

ஊர் வழக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபைக்கு அவள் போனாள். சபைத் தலைவர் நிலாம் மாஸ்டர் நேரிலேயே பார்க்க வந்தார். பல்கனியில் நின்று ஒரே கேள்விதான் கேட்டார்.

"கிராதி பழுதுன்னு முன்னமே தெரியுமா முதலாளி? தெரிஞ்சு விட்டிருந்தா குத்தம் உங்க மேல."

"சத்தியமா தெரியாதுங்க மாஸ்டர். இந்தம்மா ஒரு வார்த்த சொன்னதில்ல. பையன் ஏறிக் குதிச்சிருப்பான்."

அவரிடம் சொன்னபோதெல்லாம் மெட்டில்டா தனியாகத்தான் போயிருந்தாள். சாட்சிக்கு யாரை அழைப்பது? விபத்து என்று எழுதிவிட்டால், கட்டுப் பிரித்துவரும் பவுல் மறுபடி இதே பல்கனியில்தான் விளையாட வேண்டும்.

அந்த நேரம் முதலாளியின் பேத்தி, "தாத்தா!" என்று கத்திக்கொண்டு படியேறி ஓடிவந்தாள். வந்த வேகத்தில் நேரே கிராதியைப் பிடிக்கப் போனாள்.

"ஏய்! தொடாத!" முதலாளி பாய்ந்து பிள்ளையை வாரியெடுத்தார். "தீவாளிக்கே சொன்னேன்ல, எல்லாம் உளுத்த மரம், கிட்டப் போகாதன்னு!"

சொன்ன பிறகுதான், நிலாம் மாஸ்டர் பக்கத்தில் நிற்பது அவருக்கு உறைத்தது. பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"ஆஸ்பத்திரிச் செலவு உங்களோடது. பையன் வீட்டுக்கு வர்றதுக்குள்ள இங்க இரும்புக் கம்பி நிக்கணும்" என்றார் நிலாம் மாஸ்டர்.

வென்றுவிட்டோம் என்று மெட்டில்டாவுக்குத் தோன்றவில்லை. இத்தனை நாளும் தேக்கிவைத்திருந்த ஆத்திரமெல்லாம் அழுகையாக வந்தது.

"ஒங்க பேத்திக்குச் சொன்னீங்களே முதலாளி," என்றாள். "எம் புள்ளைக்கும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."