கக்கத்துக் கட்டி

மல்லாட்டைச் செடி பிடுங்கப் போன கொல்லையில் தெருநாய் ஒன்று என் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் தோளில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டேன். அந்தக் கடியைவிட நாத்தனார் விசாலாட்சியின் வாய்தான் எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

"முன்னெல்லாம் தொப்புளைச் சுத்திப் போடுவாங்க, மருந்து வயித்தோட நின்னுடும். இப்பக் கையில போடறாங்க. கக்கத்து வழியா மாருல எறங்கிடும். பால்குடிக்கிற புள்ளைய வெச்சிக்கினு இது தேவையாடி?"

சும்மா உளறுகிறாள் என்று மனசுக்குள் திட்டினேன். ஆனால் மறுநாள் குளிக்கும்போது கக்கத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஐயோ! மருந்து பாதி வழி வந்துவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த ஊசிக்குப் போகவில்லை. மகளுக்குப் பாலும் கொடுக்கவில்லை. புட்டிப்பாலை அவள் துப்பித் துப்பி அழுதாள். அவள் அழ அழ என் ரவிக்கை பாலில் நனைந்தது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வேணு ஓடி வந்தார்.

"தேவயானி, அந்த நாய் நுரை தள்ளிச் செத்துக் கெடக்குது. ஜல்தி கெளம்பு!"

எங்கள் ஊர் கெடாரிலிருந்து பஸ் நகருவதாகவே இல்லை. ஊசி போடாவிட்டால் நான் செத்துவிடுவேன். போட்டால் மடியில் கிடக்கும் இவளுக்கு ஆகாதே! வழியெல்லாம் இதே நினைப்புதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"யாரும்மா இப்படிச் சொன்னது? மருந்து தோள்லதான் இருக்கும். கொஞ்சம் கக்கத்துக்குப் போகும். அங்கதான் உடம்பு அதைப் பார்த்துச் சண்டை போடக் கத்துக்குது, அதான் வீக்கம். மருந்து சீக்கிரம் கரைஞ்சிடும், கத்துக்கிட்டது நிக்கும். பால் குடு, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. ஊசிய விட்டாத்தான் ஆபத்து."

"நான் விட்டுட்டேனேம்மா..."

"இப்பப் போட்டுடறேன். மிச்சத்தையும் விடாம வந்து போட்டுக்கோ."

ஊசி இறங்கியதே எனக்குத் தெரியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானைக்குள் மகளை அணைத்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மாதாண்டி, குடி" என்று கெஞ்சினேன். அப்புறம் மடமடவென்று குடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வீட்டுல அக்கா பார்த்தாக் கத்துமே," என்றார் வேணு.

"அது எதிருலயே உக்காந்து குடுப்பேன். கத்திக்கினு கெடக்கட்டும்!"

வயிறு நிறைந்து மகள் தூங்கிவிட்டாள். மிச்ச ஊசியெல்லாம் முடிகிறவரை எனக்குத்தான் தூக்கம் வராது.