நாங்க

சூப்பர்வைசர் தோளால் முட்டினார், காலால் உதைத்தார். குளிர் அறைக் கதவு அசையவில்லை. உள்பக்கக் கைப்பிடி கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. சுற்றிலும் உறைந்த மீன் பெட்டிகள்.

சாமியார் ஒரு பெட்டியின்மேல் சம்மணம் போட்டான். வாயைத் திறக்காத ஆள் என்பதால் கிடங்கில் வைத்த பேர் அது. இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெளிநாடு என்பான். எந்த ஊர் என்றால், குளிரான ஊர். "அப்போ உனக்குப் பழக்கம்தானே" என்று லோடுமேன்கள் அவனை இந்த அறைக்கே தள்ளிவிட்டார்கள்.

அந்தப் பொய்க்கு இன்றைக்கு ஆபத்து. ஜெயிலுக்குப் போய்வந்தவன் ஒருத்தன் இங்கே வேலை செய்கிறான் என்று முதலாளிக்கு யாரோ போனில் வத்தி வைத்துவிட்டார்கள். ஆளைக் கண்டுபிடித்து வெளியே அனுப்பும் பொறுப்பு சூப்பர்வைசருக்கு. காலையிலிருந்து ஒவ்வொருவராகக் குடைந்தவர், சாமியாரை விசாரிக்க உள்ளே வந்தார். கதவு சாத்திக்கொண்டது.

சாமியாரின் பெண்டாட்டி பிறந்த வீட்டிலிருந்து இப்போதுதான் திரும்பியிருந்தாள். இந்த வேலையும் போனால் மறுபடி பெட்டியைக் கட்டிவிடுவாள்.

சூப்பர்வைசருக்கு மூச்சு இரைத்தது. அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்து, சட்டைப் பொத்தானைப் பிய்த்தார். மூடின கதவென்றால் தனக்கு ஆகாது என்று முனகினார். பார்த்துக்கொண்டிருக்கச் சாமியாருக்கு மனசு கேட்கவில்லை.

"தட்டாதீங்க சார். கதவுக்கு முதுகைக் காட்டி உட்காருங்க. வெளிய இருக்கிறவன் நினைச்சாத்தான் அது திறக்கும். நாங்க அப்படித்தான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். காலம் கடந்திருந்தது.

"நாங்கன்னா?"

வெளிநாட்டில் இருந்தவங்க என்று சொல்ல வாய் எழவில்லை. "உள்ள இருந்தவங்க" என்றான்.

சூப்பர்வைசர் கதவுக்கு முதுகைக் காட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். யாராவது வந்து திறக்கும்வரை அசையவே இல்லை.

வெளியே வந்ததும் அவனைத் தராசுக்குப் பின்னால் ஒதுக்கினார். முதலாளியிடம் அவன் பேரைச் சொல்லத்தான் போவதாகச் சொன்னார்.

"சார், எனக்குப் பொண்டாட்டி இருக்கா சார்."

"எனக்கும் இருக்கா." குரலைத் தாழ்த்தினார். "முதலாளி தேடறது ஒருத்தனைத்தான். நீ கிடைச்சிட்டா தேடறதை நிறுத்திடுவார். இல்லேன்னா, உள்ள இருந்துட்டு வந்த நாம ரெண்டு பேருமே மாட்டிக்குவோம்."