ஹாஸ்கின்ஸின் ஈ

டெல் ஹாஸ்கின்ஸ் தன் பண்ணை வாசலுக்குப் புதுப் பூட்டு போட்டிருந்தார். மார்னி ஓக்கர்லண்ட் வண்டியை நிறுத்தி இறங்கியபோது, பூட்டுக்கு அந்தப் பக்கம் நாயோடு நின்றிருந்தார்.

“போன வருஷம் நீங்கதானே உள்ள விட்டீங்க?” என்றாள் மார்னி.

“போன வருஷம் ஏதோ பட்டாம்பூச்சி புடிக்கிற பொம்பளைன்னு நெனச்சேன். இப்போ புது இனமா இருக்கலாம்னு பேப்பர்ல போட்டுட்டியே! நாளைக்கு கவர்மென்ட்காரன் வருவான். ஈ குடிக்கிற ஊத்துல மாடு வாய் வைக்கக் கூடாதும்பான். என் மாடெல்லாம் உன் மியூசியத்துல வந்து தண்ணி குடிக்குமா?”

மான்டானாவில் ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஈக்களை ஆராய்பவள் மார்னி. சென்ற கோடையில் ஹாஸ்கின்ஸின் ஊற்றுப் பாசியிலிருந்து எள்ளைவிடச் சிறிய கருப்பு ஈக்கள் சிலவற்றைப் பிடித்திருந்தாள். முகத்தில் வெள்ளித் தூள் பூசியது போன்ற மினுக்கம். அறிந்த எந்த இனத்தோடும் அவை ஒத்துப்போகவில்லை. ஆனால் எல்லாமே பெண். ஆண் ஈயின் வால் நுனியில் இருக்கும் இடுக்கி போன்ற உறுப்பைப் பார்க்காமல் இவற்றைப் புது இனம் என்று ஆய்விதழில் எழுத முடியாது.

“எனக்கு ஒரே ஒரு ஆண் கெடைச்சா போதும், ஹாஸ்கின்ஸ்.”

“சனிக்கிழமை பாருக்குப் போ. நெறைய ஆம்பளைங்க உக்காந்திருப்பாங்க.”

அவள் வண்டியைத் திருப்பினாள். அந்த ஊற்றிலிருந்து வரும் ஓடை கீழே சாலைப் பாலத்துக்கு அடியில்தான் போகிறது. பாலம் அரசாங்கத்துடையது. பூச்சிகளை உறிஞ்சிப் பிடிக்கும் குழாயை வாயில் வைத்துக்கொண்டு அவள் தண்ணீரில் இறங்கினாள். சற்று நேரத்தில் தலைக்கு மேலே ஹாஸ்கின்ஸின் வண்டி வந்து நின்றது. அவர் இறங்கிப் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து, புகையிலைச் சாற்றை அவளுக்குப் பக்கத்திலேயே துப்பினார். பிறகு போனை எடுத்து, “மாட்டையெல்லாம் ஓடையில எறக்கிவிடு” என்றார்.

தண்ணீர் பழுப்பாகிப் பொங்கி வந்தது. கல்லும் பாசியும் சேற்றில் முழுகின. மார்னி பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பாசியை விட்டு ஓடிவந்த ஈக்கள், பாலத்தின் ஈரச் சுவரில் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தன. வேண்டிய மட்டும் உறிஞ்சி எடுத்தாள். லென்ஸில் பார்த்தபோது ஆண் ஈக்களும் இருந்தன.

“ரொம்ப தேங்க்ஸ். நீங்களே வெரட்டிக் குடுத்துட்டீங்க” என்றாள் மேலே பார்த்து.

ஹாஸ்கின்ஸின் முகம் சிவந்தது.

குளிர்காலம் முழுக்க அவள் நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள். அரிவாள் போல வளைந்த அந்த இடுக்கியை, அதன் உள்பக்கப் பற்களோடு வரைந்தாள். சிறகு நரம்புகளை வரைந்தாள். கடைசியில் பெயர் வைக்க வேண்டிய இடம் வந்தது.

“வெள்ளி மூஞ்சின்னு வர்ற மாதிரி வையேன், அழகா இருக்கும்” என்றான் பக்கத்து மேசையில் இருந்த சக ஆராய்ச்சியாளன்.

மார்னி ‘ஹாஸ்கின்ஸி’ என்று எழுதினாள். எழுதும்போதே சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

கட்டுரை அச்சான பிறகு ஒருநாள் போன் வந்தது.

“தீவனக் கடையில நொழைய முடியல. ‘டெல், உன் தம்பி என் காபியில விழுந்துட்டான்’கிறானுங்க. பேரை எடுடீ!”

“எடுக்க முடியாது. அச்சாயிடுச்சு. நீங்க போன பெறகும் அது இருக்கும்.”

ஹாஸ்கின்ஸ் போனை வைத்துவிட்டார்.

அடுத்த கோடையில் மார்னி மறுபடி பாலத்துக்குப் போனாள். ஓடை வறண்டு கிடந்தது. ஊற்றின் வாயிலேயே குழாயைச் செருகி, மொத்தத் தண்ணீரையும் மாட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோயிருந்தார் ஹாஸ்கின்ஸ். அவள் ஒரு கல்லைப் புரட்டினாள். பாசி தூளாகி விரலில் ஒட்டியது.

“என்ன தேடுற?” மேலேயிருந்து அவர் குரல். “பேருதான் பத்திரமா இருக்கே!”

“ஒரு ஈ மேல இவ்வளவு கோவமா?”

“ஈ மேல எனக்கென்ன கோவம்?” என்றார் அவர்.

அவள் அவருக்கு முகம் காட்டாமல் வலையை எடுத்துக்கொண்டு, சாலைக்கு அப்பால் இருந்த அரசுக் காட்டுச் சரிவில் ஏறினாள். அந்த ஈ வேறெங்காவது பிழைத்திருக்கிறதா என்று ஈரம் கசிந்த பாறை ஒவ்வொன்றிலும் தேடினாள். கொசு இருந்தது, வேறு ஈக்கள் இருந்தன. வெள்ளி முகம் எங்கும் இல்லை. கீழே சாலையில் ஹாஸ்கின்ஸின் வண்டி அசையாமல் நின்றது. அவர் போகட்டும் என்று அவளும், அவள் இறங்கட்டும் என்று அவரும், வெயில் சாயும்வரை அப்படியே இருந்தார்கள்.