இருபதடித் துண்டு

நைரோபிக்கு வடக்கே அப்பா விட்டுப்போன காப்பித் தோட்டத்தைக் கிதுகு ஐம்பதுக்கு நூறு அடி மனைகளாக வெட்டி விற்றார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் அப்படித்தான் விற்றார்கள். ஒருவன் விட்ட பாதை அடுத்தவன் பாதையோடு சேருகிறதா என்று எவரும் எட்டிப் பார்க்கவில்லை. கிதுகுவின் வீட்டுக்கும் பின்னாலிருந்த மருத்துவமனைக்கும் நடுவே பாதைக்கென்று விட்டிருந்த இருபதடித் துண்டையும் பக்கத்து மனைக்காரன் கேட்டான். அதையும் விற்றுவிட்டார். அவன் இரண்டு பக்கமும் பத்தடிச் சுவர் எழுப்பி, மேலே கண்ணாடிச் சில்லு பதித்தான். பெரிய சாமர்த்தியம்தான்!

செவ்வாய்க்கிழமை காலை, மகள் நியோகாபிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஒன்பது வயது. இன்ஹேலரை உதறிப் பார்த்தார், காலி. அவளை முதுகில் சுமந்து ஓடி, பக்கத்து மனையின் இரும்புக் கதவைத் தட்டினார்.

"தொறப்பா! உன் கொல்லையைத் தாண்டுனா ஆஸ்பத்திரி. புள்ளையால மூச்சு விட முடியல."

"பின்னாடி கதவே வைக்கலீங்க ஐயா, வெறும் செவருதான். ஏணியும் கெடையாது," என்றான் காவலாளி. "அந்தப் பாதையை நீங்கதானே வித்தீங்க?"

அவன் குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டான். கிதுகு மகளோடு தெருவுக்கு ஓடினார்.

மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் இருவரையும் ஏற்றிக்கொண்டான். கிதுகு மகளை மடியில் வைத்துக்கொண்டார். முதல் சந்து ஒரு கோழிப்பண்ணையில் முட்டி நின்றது. இரண்டாவதில் புதிதாகப் பூட்டிய கேட்.

"போன வாரம் தொறந்துதான் கெடந்துச்சு பெரியப்பா. இந்த ஊர்ல வெளிய போக றெக்கைதான் மொளைக்கணும்."

"வாயை மூடிட்டு ஓட்டுடா!"

மூன்றாவதும் சுவர். திரும்பி நெடுஞ்சாலைக்குப் போய், நெரிசலில் ஊர்ந்து, ஏழு கிலோமீட்டர் சுற்றினார்கள். வழியில் எங்கேயோ, இறுகப் பிடித்திருந்த அவர் கட்டைவிரலை நியோகாபி விட்டுவிட்டாள். கிதுகுவுக்குத் தெரிந்தது. குனிந்து பார்க்கத் துணிவில்லை.

மருத்துவமனையில் நர்ஸ் நீண்ட நேரம் நாடி பார்த்தாள். பிறகு துணியை இழுத்து முகத்தை மூடினாள்.

"இவ்வளவு நேரம் கழிச்சா கொண்டு வருவீங்க? எங்கேருந்து வர்றீங்க?"

கிதுகு ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். இரண்டு சுவர்களுக்கு அந்தப்பக்கம் அவர் வீட்டுத் தகரக் கூரை தெரிந்தது.

நர்ஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த வீடா? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே அண்ணா. மருந்தைச் செவருக்கு மேல நானே வீசியிருப்பேனே."

கிதுகுவுக்கு அது தோன்றவே இல்லை.